இடப்பக்கம் இழுத்த வில்

பனியன் கம்பெனி மெக்கானிக்குகளுக்கு என்றே ஒரு திமிர் உண்டு. மிஷின் நின்று போய், டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சூப்பர்வைசர் தலையில் கை வைத்து நிற்கும்போது, அவசரமே இல்லாமல் நடந்து வருகிறவன் அவன் ஒருவன்தான். சசிகுமாருக்கு அந்தத் திமிர் கொஞ்சம் தூக்கல். பொங்கலூர்ப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக், பேட்லாக் என்று தையல் மிஷின்கள் எல்லாம் அவன் கைக்குள் இருந்தன. எந்தக் கோளாறுக்கும் அவனிடம் ஒரே மருந்துதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, தைத்துப் பார், பிறகு அடுத்ததைத் தொடு.

அதனால்தான் இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் புரட்டாசியில் அம்பு போடுகிற முறை அவனுக்கு வந்தபோது அவன் கொஞ்சமும் கலங்கவில்லை. கலங்கியிருக்க வேண்டும்.

அவன் ஊர் வழக்கம் இதுதான். விஜயதசமி அன்று சாயங்காலம் ஊர் அம்மனான ஆத்தா குதிரை வாகனத்தில் ஊர்க்கோடிக் காட்டுக்கு வருவாள். அங்கே வாழை மரங்களைச் சேர்த்துக் கட்டி, வன்னிக் கொப்பு செருகி நிறுத்தியிருப்பார்கள். அசுரன் அதுதான். ஆத்தாளுக்குப் பதிலாகப் பங்காளிகளில் ஒருவன் ஒரே ஒரு அம்பு விடுவான். மரத்தில் பட்டால் குலவை, வேட்டு, பொரிகடலை. படாமல் போனால், அம்பு விழுந்த இடத்தில் எது நிற்கிறதோ அது ஆத்தாளுக்கு. கொடுத்துவிட வேண்டும்.

சுப்பையன் பெரியப்பா ஒரு வருஷம் தப்பவிட்டார். அம்பு போய் ஒரு காங்கேயம் கிடாரியின் காலடியில் குத்தி நின்றது. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கோயிலுக்கு ஓட்டிவிட்டார்கள். நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் செத்துக் கிடந்தது, நோயும் இல்லை, பூச்சிக்கடியும் இல்லை. அதற்கும் முந்தி ஒரு தடவை ஒரு வீட்டு வாசலில் விழுந்ததாம். அந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இப்போது பெரியப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. முறை சசிகுமாருக்கு. பூசாரி ஆத்தப்பன் மூங்கில் வில்லையும் ஒரு கட்டு அம்பையும் கொடுத்தார். இவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தான்.

வீட்டை ஒட்டினாற்போல் இருக்கிற சோளக் காட்டில் பழகத் தொடங்கினான். உரச் சாக்கு ஒன்றில் கட்டிங் வேஸ்ட் துணியை அடைத்து வேப்பங்கட்டையில் கட்டித் தொங்கவிட்டான். அவன் நிற்கிற வரப்பிலிருந்து சாக்கு நேர் எதிரே இருந்தது. இடது கைப் பக்கம் சற்றுத் தள்ளி அவன் வீடு. வலது கைப் பக்கம் கம்பெனிக்குப் போகிற தார் ரோடு.

முதல் நாள் விட்ட அம்பெல்லாம் இடப்பக்கம் போயின. ஒன்று கொஞ்சம், ஒன்று நிறைய, ஒன்று சோளப் பயிருக்குள்ளேயே காணாமல் போனது.

கூட வேலை பார்க்கும் அருண்பாண்டி அம்பு பொறுக்கிக் கொடுக்க வந்திருந்தான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், வாய் சும்மா இருக்காது.

"என்னண்ணே, சாக்கு மேல கோவமா? அங்கிட்டுத் திரும்பவே மாட்டேங்குதே."

"கோளாறு இருக்குதுடா. பாத்துக்கலாம் இரு," என்றான் சசிகுமார். உள்ளுக்குள் அவனுக்குச் சந்தோஷம்தான். கோளாறு என்றால் அவனுக்குப் பலகாரம் சாப்பிடுகிற மாதிரி.

முதலில் நாணைப் பார்த்தான். கம்பெனித் தையல் நூலைப் பல இழை சேர்த்து அவனே முறுக்கிப் போட்டிருந்தான். பாலியஸ்டர் நூல் அறாது என்பது அவன் கணக்கு. அறாதுதான், ஆனால் இழுக்க இழுக்க நீளும். நாலு அம்பு விடுவதற்குள் நாண் தொய்ந்து வில்லின் பிடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, மணிக்கட்டிலும் அடித்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தாழை நாரில் புது நாண் முறுக்கினான். அம்புகள் அங்குமிங்கும் சிதறுவது குறைந்தது. இடப்பக்கம் போவது மட்டும் குறையவில்லை.

அடுத்தது அம்பு வைக்கிற இடம். ஒரு தடவை நாணில் மேலே வைக்கிறான், ஒரு தடவை கீழே. அதனால் அம்பு மேலும் கீழும் ஆடிக்கொண்டே போனது. நாணில் ஒரே இடத்தில் சிவப்பு நூலைச் சுற்றி அடையாளம் வைத்தான். ஆட்டம் நின்றது. பிறகு அம்புத் தண்டு. மூங்கில் தடியாக இருந்தால் வளைந்து கொடுக்காது, வில்லைச் சுற்றி வராமல் இடது பக்கமே ஒதுங்கும். கண்ணாடிச் சில்லால் ஒவ்வொரு தண்டாகச் சுரண்டி இளைக்க வைத்தான். அப்புறம் கண். இரண்டு கைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, சாக்கைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தான். வலது கண்தான் வலுவான கண். அதிலும் கோளாறு இல்லை. இருந்தாலும் இடது கண்ணில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டான்.

இவ்வளவும் முடிந்த பிறகு வில் தங்கமாக ஆகிவிட்டது. அம்பு ஆடவில்லை, நெளியவில்லை, சத்தம்கூட மாறிவிட்டது. விட்ட அம்பெல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்துக்குள் போய்க் குத்தின. அந்த இடம் சாக்கு இல்லை. அவன் வீட்டுச் சமையலறையின் மண் சுவர்.

அருண்பாண்டி அம்புகளைப் பிடுங்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். திரும்பி வரும்போது அவன் வாயில் கிண்டல் இல்லை.

"அண்ணே, ஒன்ன ஒன்னு தொட்டுக்கிட்டு நிக்குது. இம்புட்டுக் குறியா அடிக்கிற வில்லுல என்ன கோளாறு இருக்கும்?"

சசிகுமார் வில்லை இறக்கிவிட்டு அந்தச் சுவரைப் பார்த்தான். அவன் சரி செய்யச் செய்ய வில் கெட்டுப் போகவில்லை. அது எதை அடிக்க நினைத்ததோ அதை இன்னும் நன்றாக அடித்தது, அவ்வளவுதான்.

அந்தச் சுவருக்கு உள்பக்கம் நின்று சித்ரகலா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். சித்ரகலா அவன் மனைவி. அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். கல்யாணமாகி, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக உட்கார்ந்து, இனிமேல் இல்லை என்று ஊரே முடிவு கட்டிய பிறகு இப்போதுதான் அவள் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்த மாசம். சசிகுமார் வீட்டில் அவளை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. திமிரெல்லாம் கம்பெனியோடு சரி.

மறுநாள் அவன் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வில்லை எடுத்தான். சித்ரகலா வேலைக்குப் போயிருந்தாள். முதல் அம்பு வலப்பக்கம் போனது. தார் ரோட்டைத் தாண்டி, கம்பெனி இருக்கிற திசையில். அடுத்ததும் அப்படியே. அவனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. தண்டை அதிகமாகச் சுரண்டிவிட்டோம், இளைத்த தண்டு வலது பக்கம் ஒதுங்கும், இதற்குக் காரணம் இருக்கிறது என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். கொஞ்சம் தடியான தண்டாகத் தேடிக் கொண்டிருக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அரை ஷிப்டு முடிந்து கம்பெனி வேன் வந்து சித்ரகலாவை இறக்கிவிட்டுப் போனது.

அவளைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது, தடித்த தண்டை எடுக்கவில்லை. காலையில் விட்டுப் பொறுக்கி வந்த அதே அம்பை அதே நாணில் வைத்து, சாக்கைப் பார்த்து அதே மாதிரி விட்டான். அம்பு தார் ரோட்டு ஓரமாகக் குத்தியது. சித்ரகலா செருப்பை உதறிக்கொண்டு நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால். அவள் நடந்து வீட்டுப் பக்கம் போனாள். அடுத்த அம்பு சோளத்துக்கு மேலாகப் போய் வீட்டுப் பாதையில் விழுந்தது. அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் முகம் கழுவினாள். அவனுடைய கை அதுவாகவே இன்னொரு அம்பை வைத்து இழுத்து விட்டது. தொட்டியில் டொக்கென்று சத்தம் கேட்டது.

"ஏனுங்க! ஆளு நிக்கறது தெரியலீங்களா?" என்று அவள் அங்கிருந்து கத்தினாள்.

அவன் வில்லைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வில் மாறவில்லை, நாண் மாறவில்லை, அம்பு மாறவில்லை, கை மாறவில்லை. மாறியது அவள் நின்ற இடம் ஒன்றுதான்.

அப்போதும் அவனுக்குள் இருந்த மெக்கானிக் அடங்கவில்லை பாருங்கள். அதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது. அம்பு முன்னால்தானே போகும், அவளைப் பின்னால் நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று யோசித்தான். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, தன் முதுகுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் உட்கார வைத்தான். காரணம் சொல்லவில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அவன் சாக்கைப் பார்த்து விட்டான். அம்பு சாக்கு இருக்கும் பக்கமே போகவில்லை. விட்ட உடனே மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போய்ச் சின்னப் புள்ளியாகி, காற்றே இல்லாத வானத்தில் கொஞ்ச நேரம் நின்றது போல் இருந்தது. அவன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தான். பிறகு அது அவன் தலைக்கு மேலாகப் பின்பக்கம் சாய்ந்து இறங்கியது. அவன் திரும்பி ஓடுவதற்குள் கீரைத் தட்டை ஓட்டை போட்டுத் தரையில் குத்திவிட்டது. தட்டு அவள் மடியில் இல்லை, பக்கத்தில் இருந்தது. நல்லவேளை, அப்போதுதான் இறக்கி வைத்திருந்தாள்.

அவள் அம்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கத்தவில்லை.

"சொல்லுங்க," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான். அவள் கேட்டுவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னயக் கேக்குதுங்களா, உள்ள இருக்கறதக் கேக்குதுங்களா?"

அவன் தரையில் குத்தியிருந்த அம்பைப் பிடுங்கினான்.

இரண்டு பேருமாகப் பூசாரி ஆத்தப்பனிடம் போனார்கள். அவர் கோயிலில் குதிரை வாகனத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேண்டாமுங்க. வேற ஆராச்சும் போடட்டும்," என்றான் சசிகுமார், நடந்ததைச் சொல்லிவிட்டு.

ஆத்தப்பன் துணியைக் கீழே வைக்கவில்லை. குதிரையின் கண்ணை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"வில்ல வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டயில்ல கண்ணு? பொறவு திருப்பி வெக்க முடியாது."

"நா விடலீனா என்னங்க ஆயிரும்?"

"நீ விடலீனா ஆத்தாளே விடுவா. அவ விட்டா நடுவால வாழ மரம் இருக்குதா இல்லியான்னெல்லாம் பாக்க மாட்டா."

சித்ரகலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மரத்துல பட்டுருச்சுன்னா முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"பட்டுருச்சுன்னா மரம் அவளுக்கு. அத்தோட முடிஞ்சுது," என்றார் அவர்.

வெளியே வந்ததும் சசிகுமார் அவளைக் காங்கேயத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னான். திருவிழா முடிந்த பிறகு வந்தால் போதும் என்றான். அவள் முடியாது என்றுவிட்டாள். அம்பு போடுகிறவன் கைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது அவன் பெண்டாட்டிதான், அதை வேறு ஒருத்தி செய்ய முடியாது. "காங்கேயம் போனா மட்டும் அதுக்கு வழி தெரியாதுங்களா?" என்றும் கேட்டாள். அவள் குரலில் பயம் இல்லாதது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்று முழுக்க யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். இத்தனை நாள் வில்லைச் சரி செய்தான். இனிமேல் கெடுக்க வேண்டும். நாணை முறுக்கு அவிழ்த்துத் தொய்ய விட்டால் வில்லுக்கு இழுவையே இருக்காது. அம்பு அவன் காலடியிலிருந்து கொஞ்ச தூரம் போய்ச் செத்த பாம்பு போல விழும். அது விழுகிற இடம் வெறும் மண். மண்ணை ஆத்தாள் எடுத்துக்கொள்ளட்டும். ஊர் சிரிக்கும், பங்காளிகள் காறித் துப்புவார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், பிள்ளை பிழைத்தால் போதும்.

விஜயதசமி அன்று ஊரே காட்டில் கூடியிருந்தது. கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்கு வைத்த சந்தனம் இன்னும் பலர் கையில் போகாமல் இருந்தது. ஆத்தா குதிரை மேல் வந்து இறங்கினாள். எதிரே வாழை மரங்கள், வன்னிக் கொப்பு, அதற்குப் பின்னால் ஆள் உயரச் சோளம். ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள்.

சித்ரகலா சொம்போடு வந்து அவன் கையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் அவன் விரல்களுக்கு இடையே ஒழுகியது. அவள் ஒரு நிமிஷம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் முன்னால் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"போயி பொம்பளைங்களோட உக்காந்துக்க. எந்திரிக்காத," என்றான் மெதுவாக.

"செரீங்க," என்றாள்.

அவள் கூட்டத்துக்குள் போனதைப் பார்த்தான். அதற்கு மேல் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டான். பார்த்தால் கை அங்கே போய்விடுமோ என்று பயம்.

பறை நின்றது. அவன் வில்லைத் தூக்கினான். நாண் கொடியில் காயப்போட்ட கயிறு போலத் தொங்கியது, பக்கத்தில் நின்ற அருண்பாண்டி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நாணு..." என்று வாயைத் திறந்தான். சசிகுமார் கண்ணாலேயே அவனை அடக்கினான். அம்பை வைத்து, பாதிகூட இழுக்காமல், குறியே பார்க்காமல் விரலை விட்டான்.

நாணில் சத்தமே வரவில்லை. ஆனால் அம்பு போனது. விழவில்லை, வளையவில்லை, இடது வலது என்று எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை. யாரோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவது போல நேராகப் போய், நடு வாழையில் இறகு வரைக்கும் புதைந்தது.

குலவை வானத்தைப் பிளந்தது. வேட்டு போட்டார்கள். பங்காளிகள் ஓடி வந்து அவன் தோளைத் தட்டினார்கள், யாரோ மாலையைப் போட்டார்கள். "அடிச்சுட்டயே அண்ணே!" என்று அருண்பாண்டி கத்தினான். சசிகுமார் கையில் இருந்த நாணைப் பார்த்தான். அந்த நாண் ஓர் ஈர்க்குச்சியைக்கூடத் தள்ளாது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட நேராகப் போகாத அம்பு இன்றைக்கு நேராகப் போயிருக்கிறது. அம்பு எங்கே போகும் என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் பெண்கள் கூட்டத்தைப் பார்த்தான். அவள் அங்கே இல்லை.

மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓடினான். அசுரனைப் பார்க்கத்தான் ஓடுகிறான் என்று நினைத்து ஜனங்கள் மறுபடியும் குலவை போட்டார்கள். வாழை மரங்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான்.

சோளத்துக்கும் மரத்துக்கும் நடுவில் சித்ரகலா நின்றுகொண்டிருந்தாள். முதுகு சோளத்தில் சாய்ந்திருந்தது. புடவையெல்லாம் சோளப் பூ ஒட்டியிருந்தது. பின்பக்கமாகப் பயிருக்குள் புகுந்து வந்திருக்கிறாள். வாழையைத் துளைத்துக்கொண்டு அம்பு முனை இந்தப் பக்கம் வெளியே வந்திருந்தது. அதற்கும் அவள் வயிற்றுக்கும் நடுவே ஒரு கையை வைக்கத்தான் இடம் இருந்தது. முனையிலிருந்து வாழைச் சாறு சொட்டியது.

"எதுக்கு கண்ணு இங்க வந்த? எதுக்கு வந்த?" என்றான் அவன்.

"எங்க நின்னாலும் வரத்தானுங்க போகுது. நடுவால மரமாச்சும் இருக்கட்டும்னு வந்து நின்னுட்டேன்." அவள் அவனைப் பார்க்கவில்லை. முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மரத்துல பட்டா முடிஞ்சுதுன்னு சொன்னாரு."

"பட்டுருச்சு. முடிஞ்சு போச்சு. வா, போலாம்."

"இல்லீங்க," என்றாள். "இன்னும் நிக்கலீங்க. பாருங்க."

பார்த்தான். முனை நகர்ந்துகொண்டிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், வாழைப் பட்டையை விலக்கிக்கொண்டு, மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. அவளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினான்.

"இழுக்காதீங்க. அப்பவே கொஞ்சம் நவுந்து பாத்தேன். அதுவும் திரும்புச்சு."

மரத்துக்கு அந்தப் பக்கம் பொரிகடலை வீசும் சத்தமும் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் சத்தமும் கேட்டன. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யோசிக்க நேரமில்லை. முதன்முதலாக அவன் எதையும் மாற்றிப் பார்க்க நினைக்கவில்லை, எதற்கும் காரணம் தேடவில்லை. மஞ்சள் காயாத வலது உள்ளங்கையை முனையின் பக்கம் விரித்து, புறங்கை அவள் வயிற்றில் படும்படி வைத்தான். உள்ளே பிள்ளை ஒரு உதை உதைத்தது புறங்கையில் தெரிந்தது. முனை வந்து உள்ளங்கையைத் தொட்டது, ஐஸ் மாதிரி இருந்தது. தொட்ட பிறகும் அது நிற்கவில்லை.

அவன் கையை எடுக்கவில்லை.